ஆறாத பதினோரு நிமிடம்

ஒன்பதாவது முறையாகவும் வழக்கு தள்ளிப்போனது. எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பல் வலி.

"பல் வலிக்கு ரெண்டு மாசமாங்க?" என்று கேட்டாள் தண்டபாணியின் மனைவி கலாமணி.

நீதிமன்ற ஊழியர் அவளை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த தேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, சாட்சிகள் அறையின் கம்பி சன்னல் வழியாக நீட்டினார். "சாட்சி எண் ரெண்டு. மாசாமாசம் ஊசியை விடாம போட்டுக்கோங்க. ஒரு மாசம் தவறினாலும் சாட்சி செல்லாது."

தண்டபாணி சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கலாமணி அங்கேயே நின்று இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்கு அது காதில் விழவில்லை. இன்னும் இரண்டு மாதம் இதைச் சுமக்க வேண்டும் என்ற மலைப்பு ஒரு பக்கம். இன்றைக்குக் கூண்டில் ஏற வேண்டியதில்லை என்ற நிம்மதி இன்னொரு பக்கம். அந்த நிம்மதி வந்ததற்காகத் தன் மேலேயே ஓர் அருவருப்பு. ஒன்பது வாய்தாவிலும் இதே மூன்றும் இதே வரிசையில்தான் வந்தன.

கேமராவை நம்பிய காலம் ஒன்று இருந்தது. யார் முகத்தையும் யார் உடம்பிலும் பொருத்தி, நடக்காத ஒன்றை நடந்ததுபோல் ஐந்து நிமிடத்தில் படமாக்கிவிடலாம் என்று ஆனபின், நீதிமன்றங்கள் படங்களைத் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டன. கடைசியில் மிஞ்சியது மனிதன் கண்ணால் பார்த்ததுதான். அதிலும் ஒரு சிக்கல். ஒரு சம்பவத்தை நினைத்துப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் மனிதன் அதைக் கொஞ்சம் மாற்றித்தான் திரும்ப உள்ளே வைக்கிறான். வருடக்கணக்கில் இழுக்கும் வழக்குகளில் சாட்சி சொல்ல வரும்போது, பார்த்ததில் பாதி கரைந்து, பாதி வேறாகிப் போயிருக்கும். அதற்காக வந்ததுதான் முத்திரை. சம்பவம் நடந்த மூன்று நாளுக்குள் ஓர் ஊசி, பிறகு மாதம் ஒன்று. அந்த நினைவு மட்டும் மங்காது, மாறாது. சாட்சி வாயைத் திறந்தால் முதல் நாள் பார்த்தது பார்த்தபடி வரும். ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்தவோ, ஒன்றை விட்டுவிட்டுத் தாண்டிப் போகவோ முடியாது. சாட்சி சொல்லும் நாள்வரை யாரிடமும் அதைப் பற்றிப் பேசவும் கூடாது, கட்டிய மனைவியிடம்கூட.

சட்டம் எழுதியவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. அல்லது யோசித்துவிட்டு, பரவாயில்லை என்று விட்டுவிட்டார்கள். நினைவு மங்காவிட்டால் பயமும் மங்காது.

தண்டபாணி ஒரு தனியார் டவுன் பஸ்ஸின் டிரைவர். மார்க்கெட்டிலிருந்து நூல்மில் வரைக்கும் ஒரு நாளைக்குப் பதினான்கு நடை. கண்டக்டர் கிடையாது, டிக்கெட்டுக்கு எந்திரம், கதவுக்கு ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு பச்சைப் பொத்தான். போன வருடம் பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டு நாற்பதுக்கு, நூல்மில் நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தியிருந்தான். உள்ளே மூன்றே பேர். வெளிர் நீலச் சட்டை போட்ட ஒரு மனிதன் கையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸை நோக்கி ஓடி வந்தான். அவனுக்குப் பின்னால் இரும்புக் குழாயுடன் இரண்டு பேர். எதிரே ஒரு வேன் வந்து சாலையின் குறுக்கே நின்றுகொண்டது. முன்னால் போக வழியில்லாமல் பஸ் நின்றது. பஸ்ஸின் முன்கண்ணாடிக்கு நேர் எதிரே, பத்தடி தூரத்தில், அந்த மனிதனை அடித்துக் கொன்றார்கள். பதினோரு நிமிடம். உள்ளே இருந்த மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தண்டபாணியால் குனிய முடியவில்லை. குழாயோடு நின்ற ஒருவன் இடையிடையே நிமிர்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செத்துப்போனவன் பெயர் கதிரேசன். சாயப்பட்டறைகளிலிருந்து வெளியேறும் தண்ணீரை எடுத்துப் பரிசோதித்துச் சான்று கொடுக்கும் வேலை. ஒரு பட்டறைக்குச் சான்று தர மறுத்திருக்கிறான். இதெல்லாம் தண்டபாணிக்குப் பிறகு செய்தித்தாளில் படித்துத் தெரிந்ததுதான்.

வேன் நகர்ந்ததும் தண்டபாணி அடுத்த நிறுத்தத்தில் வண்டியை ஓரம் கட்டி, அங்கே நின்ற போக்குவரத்துக் காவலரிடம் தானாகவே போய்ச் சொன்னான். அன்று மாலையே ஆறு பக்கப் படிவத்தில் கையெழுத்து வாங்கி ஊசியைப் போட்டுவிட்டார்கள். தைரியமான ஆள் என்று இன்ஸ்பெக்டர் தோளில் தட்டினார்.

ஒன்றை மட்டும் தண்டபாணி அவரிடம் சொல்லவில்லை. கதிரேசன் ஓடி வந்தபோது பஸ் கதவு திறந்திருந்தது. அவன் படியில் கால் வைப்பதற்கு இரண்டடி இருக்கும்போது, தண்டபாணியின் விரல் பச்சைப் பொத்தானை அழுத்தியது. 'புஸ்' என்று காற்று பீறிட்டுக் கதவு மூடியது. கதிரேசன் உள்ளங்கையால் கண்ணாடியில் இரண்டு முறை தட்டினான். "தெறங்க" என்றான். அவ்வளவுதான். பிறகு அவனை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பின் வந்த பதினோரு நிமிடத்தில் எந்த நிமிடத்தில் வேண்டுமானாலும் அந்தப் பொத்தானை மறுபடி அழுத்தியிருக்கலாம்.

முத்திரைக்குள் இதுவும் இருந்தது. கூண்டில் ஏறி வாயைத் திறந்தால் இதுவும் வரும்.

வீட்டில் முதலில் போனது குக்கர். அதன் விசில் சத்தம் கேட்டால் தண்டபாணி நின்ற இடத்தில் விறைத்துப்போவான். கை வலப்பக்கம் நீண்டு எதையோ தேடும். மூச்சு மேலேயே நிற்கும். பதினோரு நிமிடம் கழித்து, பனியன் நனைந்து, பல் கிட்டித்து மீள்வான். கலாமணி குக்கரைத் தங்கை வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் பானையில் சோறு வடிக்க ஆரம்பித்தாள். அடுத்து, சைக்கிளுக்குக் காற்றடிக்கும் கடை இருக்கிற சந்து போனது. சோடா போனது. வெளிர் நீலத்தில் அவனுக்கு இருந்த இரண்டு சட்டைகளும் போயின. ஸ்டியரிங் பிடிக்க முடியாததால் கம்பெனி அவனை டிப்போவில் டயர் கணக்கு பார்க்கப் போட்டது. அங்கேயும் காற்றுக் குழாய். பாதிச் சம்பளத்தில் லீவு போட்டான். கலாமணி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக் குடும்பத்தை ஓட்டினாள். அவன் வாழ்ந்த இடம் நாளுக்கு நாள் சுருங்கி, கடைசியில் படுக்கை அறையும் பின்வாசல் துணி துவைக்கும் கல்லும் மட்டும் மிச்சமாக இருந்தன.

மாதத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரி. அங்கே நினைவுக் காப்புப் பிரிவு என்று தனியாக ஒரு வராண்டா. டாக்டர் ஷகீலாபானு ஐம்பது வயதுக்காரர், சிரிக்கவே தெரியாதவர் போலிருப்பார். ஊசியை ஏற்றிவிட்டுப் பஞ்சை அழுத்திப் பிடிக்கும்போது, அந்த முறையும் தண்டபாணி கேட்டான்.

"தூங்கறதுக்காவது ஒரு மாத்திரை குடுங்க டாக்டர். ஆறு மாசமா கெஞ்சறேன்."

"குடுக்கக் கூடாதுங்க. தூக்க மாத்திரை முத்திரையைக் கலைச்சுரும்." பஞ்சை எடுத்துக் குப்பையில் போட்டார். "என்னை டாக்டர்னு கூப்பிடறீங்களே, எனக்கே கூச்சமா இருக்கு. புண்ணு ஆறிராம பாத்துக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

"பயத்தை மட்டும் எடுத்துட்டு, பாத்ததை அப்படியே விட முடியாதாங்க?"

"முடிஞ்சா எடுத்திருக்க மாட்டேனா? ரெண்டும் ஒரே நூல்ல கோத்திருக்கு. ஒண்ணை இழுத்தா இன்னொண்ணும் வந்துரும். மனுசன் ஆறுறதே மாத்தி மாத்தி நெனைக்கறதாலதான். அந்த மாத்தறதைத்தான் நாங்க நிறுத்தி வெச்சிருக்கோம்." அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எதிர்த்தரப்பு ஏன் வாய்தா மேல வாய்தா வாங்குதுன்னு நெனைக்கறீங்க? முன்னெல்லாம் சாட்சியை மெரட்டணும், ஆள் அனுப்பணும். இப்ப எதுவும் வேண்டாம். வக்கீலுக்குப் பல் வலிச்சாப் போதும். வீட்டுல உக்காந்து நீங்களே நொந்து, நீங்களே விலகல் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுருவீங்க. என்கிட்ட வர்றவங்கள்ல பத்துக்கு ஏழு பேரு அப்படித்தான்."

தண்டபாணி சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான்.

"உங்க கடிகாரம் ஓடுதா?" என்று கேட்டார் டாக்டர். "அது வர்றப்ப அதோட மல்லுக்கட்டாதீங்க. விநாடி முள்ளைப் பாருங்க. பதினோரு நிமிசம்தான். ஒரு நாளும் பன்னெண்டு ஆகாது. அந்தப் பதினொண்ணை நான் தொடக் கூடாது. பன்னெண்டாவதுல இருந்து உங்களுது. மூஞ்சி கழுவுங்க, ஒரு தம்ளர் தண்ணி குடிங்க, எதுனா ஒரு வேலையைக் கையில எடுங்க."

வராண்டாவில் லூர்துமேரி உட்கார்ந்திருந்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. நாலு வருடமாக முத்திரையோடு இருந்தவர். இருவரும் எதைப் பார்த்தார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள முடியாது. அதனால் மழை, காய்கறி விலை, முழங்கால் வலி என்று மற்ற எல்லாவற்றையும் பேசுவார்கள். அன்று அவர் முகம் தெளிந்து, கன்னத்தில் சதை பிடித்திருந்தது.

"ஊசி அட்டையைத் திருப்பிக் குடுக்க வந்தேன் தம்பி. போன மாசமே விலகல்ல கையெழுத்துப் போட்டுட்டேன். நல்லாத் தூங்கறேன். ராத்திரி ஒரு தடவை எந்திரிக்கறதோட சரி."

"அப்ப கேஸுங்க?"

"அது அவ்வளவுதான்." முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டார். "அந்தப் புள்ளையோட அம்மா நம்ம தெரு முக்குலதான் பூ வாங்க வருவாங்க. இப்ப நான் சுத்திக்கிட்டு வேற வழியாப் போறேன்."

கடிகாரம் உண்மையிலேயே கொஞ்சம் உதவியது. பதினோரு நிமிடம் முடிந்ததும் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கீரை ஆய்வான். ஆனால் ஒரு நாளைக்கு ஐந்து முறை, ஆறு முறை என்று அது வந்தது. பத்தாவது வாய்தாவும் வந்தது. எதிர்த்தரப்பு வக்கீலின் மாமனார் காலமாகிவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் கலாமணி அவன் முன்னால் ஒரு காகிதத்தை வைத்தாள். விலகல் பத்திரம். அவளே போய் வாங்கி, பெயர் முகவரி எல்லாம் பூர்த்தி செய்து வைத்திருந்தாள்.

"கையெழுத்து மட்டும் போடுங்க."

"கலா..."

"எனக்கு அந்தக் கேஸ் வேண்டாமுங்க. செத்தவரு நல்லவராவே இருக்கட்டும், கொன்னவனுக பாவிகளாவே இருக்கட்டும். எனக்கு நீங்க வேணும். ஒன்றரை வருசமா உங்க பக்கத்துல படுத்திருக்கேன், நீங்க அங்க இல்லை." காகிதத்தை அவன் பக்கம் இன்னும் தள்ளினாள். "உங்குளுக்கு ஊருக்கு நல்லவரா இருக்கோணும்னு ஆசையா?"

அவள் அப்படி நினைத்துக்கொண்டிருந்தாள் என்பதுதான் அவனைக் குத்தியது. தைரியமான ஆள் என்று அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை பத்திரத்தை மடித்து எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குக் கிளம்பினான். பஸ் ஏற முடியாது. நாலு கிலோமீட்டரும் நடைதான்.

பத்திரத்தைப் பெற்றுக்கொள்ளும் அறை பதினொன்றுக்குத்தான் திறக்கும் என்றார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். சற்று நேரத்தில் ஒரு பெண் வந்து மறுமுனையில் அமர்ந்தாள். ஏறிட்டுப் பார்த்ததும் மடித்த பத்திரத்தைச் சட்டைப் பைக்குள் தள்ளினான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் சாட்சிகள் அறையின் கம்பி வழியாக அவளைப் பார்த்திருக்கிறான். அவளுக்கு அவனைத் தெரியாது. கதிரேசனின் மனைவி, அம்சவேணி.

"ஏனுங்க, நகல் வாங்கறது இந்த ரூமுதானுங்களா?"

"பக்கத்து ரூமுங்க. பதினோரு மணிக்கு."

அவள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். பேச ஆள் கிடைக்காதவர்கள் பேசுவதுபோல், அவன் கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தாள். "எங்க வீட்டுக்காரரு கேஸுங்க. சும்மா இழுத்துட்டே இருக்குது. எங்கண்ணன் விட்டுருங்கறாரு. எனக்கு என்னன்னா, அவரு மூஞ்சி மறந்துட்டு வருதுங்க. போட்டோவுல இருக்கற மூஞ்சி இருக்குது. ஆனா நடந்து வந்தா எப்புடி இருப்பாரு, கோவம் வந்தா எப்புடி நிப்பாரு... கண்ணை மூடினா வரமாட்டீங்குது. என்னமோ நான் தப்புப் பண்ற மாதிரி இருக்குதுங்க."

தண்டபாணி சட்டைப் பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டான்.

"கண்ணால பாத்த சாட்சி ஒருத்தரு இருக்காராமா. பத்து வாய்தாவா ஊசி போட்டுட்டு நிக்கறாராமா. அவரு விட்டுட்டுப் போயிட்டா அப்புறம் ஒண்ணுமில்லைன்னு வக்கீலு சொல்றாரு. அவரு யாரு எவருன்னு தெரியாதுங்க. தெனமும் அவருக்கு ஒரு விளக்குப் போடறேன்."

அறைக் கதவு திறந்தது. வரிசையில் இருந்தவர்கள் எழுந்தார்கள். தண்டபாணியும் எழுந்தான், படியிறங்கி வெளியே வந்தான், வீடு வரைக்கும் நிற்காமல் நடந்தான். பத்திரத்தைக் கலாமணியிடம் திருப்பிக் கொடுத்தபோது அவள் எதுவும் கேட்கவில்லை. அன்று முழுக்க அவனோடு பேசவும் இல்லை.

பதினோராவது விசாரணைத் தேதியில், புதிதாக வந்திருந்த நீதிபதி வாய்தா தர மறுத்துவிட்டார். எதிர்பாராமல் சாட்சி எண் இரண்டைக் கூப்பிட்டார்கள். கலாமணி பார்வையாளர் வரிசையில் இருந்தாள். இரண்டு வரிசை முன்னால் அம்சவேணி.

கூண்டுக்குள் போய்த் தண்டபாணி கம்பியைப் பிடித்துக்கொண்டான். "பிப்ரவரி மாசம் செவ்வாக்கெழம, மத்தியானம் ரெண்டு நாப்பது" என்று தொடங்கினான். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை, அது பேசியது. ஓடி வந்த மனிதன், குழாய்கள், வேனின் நம்பர், அடித்தவர்களின் முகம், ஒருவனின் காதில் இருந்த கடுக்கன். அவற்றுக்கு நடுவே, அதே குரலில், அதே வேகத்தில், "நான் பொத்தானை அழுத்திக் கதவை மூடினேன். அவரு ரெண்டு தடவை தட்டினாரு. தெறங்கன்னாரு. நான் தெறக்கலை."

அம்சவேணியின் தலை மெல்ல உயர்ந்தது. தண்டபாணி அதைப் பார்த்தான். பார்த்தபடியே மிச்சத்தையும் சொல்லி முடித்தான்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். அவருடைய பற்கள் நன்றாகவே இருந்தன. "ஆக, கதவைப் பூட்டிக்கிட்டு, ஏசி வண்டிக்குள்ள உக்காந்து, ஒரு மனுசன் சாகறதைப் பதினோரு நிமிசம் வேடிக்கை பார்த்தீங்க."

"ஏசி இல்லீங்க" என்றான் தண்டபாணி. "மத்ததெல்லாம் சரிங்க."

அன்று வீட்டில் கலாமணி வெகுநேரம் அடுப்படியிலேயே இருந்தாள். பிறகு வந்து அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "இதையா இத்தனை நாளா ஒத்தையில வெச்சிருந்தீங்க" என்றாள்.

அடித்த இரண்டு பேருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. தண்டபாணி அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சட்டையை மாட்டினான். அரசு வக்கீலிடமிருந்து போன் வந்தது. எதிர்த்தரப்பு உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யப்போகிறது. அது முடியும்வரை முத்திரையை எடுக்கக் கூடாது. நாலு வருடம் ஆகலாம், ஐந்தும் ஆகலாம்.

தண்டபாணி மாட்டிய சட்டையின் பித்தானைக் கழற்றினான். "இனி விலகவும் முடியாதுங்களா?"

"தீர்ப்பு ஆனதுக்கு அப்புறம் விலகல் கிடையாது. ஒரே ஒரு வழிதான். பாதிக்கப்பட்ட குடும்பம் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டா முத்திரையை எடுக்கலாம். படிவத்தை அந்தம்மாவுக்கு அனுப்பிட்டேன். ஆனா..." வக்கீல் இழுத்தார். "நீங்க கோர்ட்ல சொன்னதைக் கேட்டதுக்கு அப்புறம், போடுவாங்கன்னு எனக்குத் தோணலை."

தண்டபாணிக்கும் தோன்றவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, அம்சவேணி அவர்கள் வீட்டு வாசலில் நின்றாள். கையில் ஒரு பழுப்பு உறை. கலாமணி என்ன செய்வதென்று தெரியாமல் நாற்காலியைத் துடைத்தாள்.

அம்சவேணி உட்காரவில்லை. "நீங்கதான்னு அன்னிக்குப் பெஞ்சுல சொல்லியிருக்கலாமுங்க."

"சொல்லக் கூடாதுங்க. சட்டம்."

"சட்டம் இல்லாட்டி சொல்லியிருப்பீங்களா?"

தண்டபாணி யோசித்துவிட்டு, "இல்லீங்க" என்றான்.

அந்தப் பதிலுக்குப் பிறகுதான் அவள் உட்கார்ந்தாள். உறையை மேசை மேல் வைத்தாள். "நான் இதைக் கிழிச்சுப் போடத்தான் இருந்தேன். உங்குளுக்கு அது ஆறவே கூடாதுன்னு நெனைச்சேன். அப்புறம் நேத்து ராத்திரி ஒண்ணு தோணுச்சு. அவரு கடைசியா ஓடி வந்தது உங்ககிட்ட அப்படியே இருக்குது. என்கிட்ட இல்லை. கோர்ட்ல நீங்க கடகடன்னு சொல்லிட்டீங்க, எனக்கு எதுவும் நிக்கலை. மெதுவாச் சொல்லுங்க. அவரு ஓடி வந்ததைச் சொல்லுங்க."

"ஆரம்பிச்சா நடுவுல நிறுத்த முடியாதுங்க. மொத்தமும் வந்துரும்."

"வரட்டும்."

அவன் சொன்னான். அவள் நடுநடுவே குறுக்கிட்டுக் கேட்டாள். கேட்டால் அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் விரிந்தது. சட்டைப் பையில் பேனா மை கசிந்து ஒரு ரூபாய் அளவுக்குக் கறை. இடது கால் செருப்பின் வார் அறுந்து, ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தது. கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில், உள்ளே கருஞ்சிவப்பாகத் தண்ணீர். அதை அவன் கடைசிவரை கீழே போடவில்லை. பஸ் நிற்பதைப் பார்த்ததும் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, தப்பித்துவிட்டோம் என்ற சிரிப்பு, மேல் உதடு ஒரு பக்கமாக ஏறி.

"அந்தப் பக்கம்தான்" என்றாள் அம்சவேணி. "எடது பக்கம். சிரிச்சா அப்படித்தான் ஏறும்." அழுதுகொண்டே, "அந்தப் பேனாவைத் தூக்கிப் போடுங்கன்னு ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்" என்றாள்.

பிறகு கதவு வந்தது. பிறகு பதினோரு நிமிடம் வந்தது. அவள் எழுந்து போகவில்லை. முடிந்ததும் கலாமணி இருவருக்கும் தண்ணீர் கொடுத்தாள். அம்சவேணி உறையை எடுத்துக்கொண்டு, கையெழுத்துப் போடாமல், போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறும் வந்தாள். அதற்கடுத்த ஞாயிறும். ஒவ்வொரு முறையும் உறை மேசைக்கு வரும், ஒவ்வொரு முறையும் திரும்பிப் போகும். ஐந்தாவது ஞாயிறு முடிந்து அவள் போனதும் கலாமணி பொரிந்து தள்ளினாள். "போடறதுன்னா போடட்டும், இல்லைன்னா இல்லைன்னு சொல்லட்டும். இப்புடி வாராவாரம் வந்து உங்களைத் தோண்டறதுக்கு அவங்களுக்கு என்ன உரிமை இருக்குது?"

"இருக்குது கலா" என்றான் தண்டபாணி.

அவனுக்கு இன்னொன்றும் தெரிந்தது. அதைச் சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொல்லும்போது வருவதும் அதே நினைவுதான், அதே நடுக்கம்தான், ஒரு இம்மியும் குறையவில்லை. ஆனால் அப்போது அந்த வண்டிக்குள் அவன் மட்டும் இல்லை. இன்னொருத்தியும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டாவது ஞாயிறு, அவன் வாயைத் திறக்கும் முன் அம்சவேணி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இன்னிக்கு நான் சொல்றேனுங்ணா. சரியா இருக்குதான்னு பாருங்க." முதல் தடவையாக அவனை அண்ணா என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். "மத்தியானம். வெயிலு. நீலச் சட்டை, பேனாக் கறை. ஒத்தைச் செருப்புல ஓடி வர்றாரு. பாட்டிலை விடலை. பஸ்ஸைப் பாத்துச் சிரிக்கறாரு. கதவு மூடியிருக்குது. ரிப்பேரு. நீங்க பொத்தானை அழுத்தி அழுத்திப் பாக்கறீங்க, தெறக்கமாட்டீங்குது. அவரு உங்களைப் பாக்கறாரு. நீங்க முடிஞ்சதைப் பண்றீங்கன்னு அவருக்குத் தெரியுது."

கலாமணி அடுப்படி வாசலில் அசையாமல் நின்றாள்.

"இல்லீங்க" என்றான் தண்டபாணி. "அது அப்படி இல்லீங்க. ரிப்பேரு இல்லை. தெறந்திருந்துச்சு. நான்தான்..."

"தெரியுமுங்ணா." அம்சவேணி கண்ணைத் திறந்தாள். "கோர்ட்லயும் கேட்டேன், இங்க ஏழு தடவையும் கேட்டேன். எனக்கு யாரும் ஊசி போடலையே. என்னுது மாறத்தான் செய்யும். ரெண்டு வாரமா கதவுகிட்ட வந்தா அது தானா இப்புடி மாறுது. மொதல்ல புடிச்சு நிறுத்திப் பாத்தேன். அப்புறம், போகட்டும்னு விட்டுட்டேன். எனக்கும் எந்திரிச்சுச் சோறாக்கிப் புள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்போணுமில்லீங்க."

உறையைப் பிரித்துப் படிவத்தை எடுத்தாள். பேனா கேட்டாள். கலாமணி ஓடிப்போய்க் கொண்டுவந்தாள்.

"முத்திரை இல்லாம மேல்கோர்ட்ல அவனுக வெளிய வந்துட்டா?" என்று தண்டபாணி கேட்டான். கேட்டிருக்க வேண்டியதில்லை. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வக்கீலும் அதைத்தான் சொன்னாரு. வரலாமுங்க." கை ஒரு கணம் காகிதத்தின் மேல் நின்றது. "அவரு மூஞ்சி எனக்குத் திரும்பிக் கெடைச்சிருச்சு. அதுக்கு மேல உங்களை உள்ள வெச்சிருந்தா, நானும் கதவை மூடின மாதிரிதான்."

கையெழுத்துப் போட்டாள். தேதியை எழுதினாள். காபி வேண்டாம் என்றாள். போகும்போது கலாமணியின் தோளை ஒரு முறை தொட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி. ஊசி நின்றால் பத்துப் பதினைந்து நாளில் எல்லோருக்கும் போல் அவனுக்கும் மங்கத் தொடங்கும் என்று டாக்டர் ஷகீலாபானு சொல்லியிருந்தார். அந்த ஞாயிறு மத்தியானமே, சாப்பிட்ட கையோடு, தண்டபாணி கலாமணியை எதிரே உட்காரச் சொன்னான். இரண்டு நாற்பதிலிருந்து தொடங்கி, கதவு, தட்டிய சத்தம், பதினோரு நிமிடம், எல்லாவற்றையும் கடைசியாக ஒரு முறை சொல்லி முடித்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எதுக்குங்க இப்ப?" என்றாள் கலாமணி. "நான்தான் எட்டு வாரமாக் கேட்டுட்டிருக்கேனே."

"நல்லா ஞாபகம் வெச்சுக்கோ கலா. நாளைக்கு அப்புறம் என்னுதும் மாறும். ஒரு நாள் நானே வந்து, கதவு ரிப்பேரும்பேன். அன்னிக்கு நீதான் இல்லைன்னு சொல்லோணும்."

கலாமணி எழுந்து, காய்ந்துபோயிருந்த சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டாள்.

"நான் சொல்லமாட்டேன்" என்றாள்.